வாரிசில்லாத எழுத்து

எங்கள் அலுவலகப் பலகையில் ‘எண்ம எச்சப் பதிவகம், தென்காசி’ என்று எழுதியிருக்கும். எச்சம் என்றால் காக்கா போடுவதுதானே என்று கேட்காத ஆட்டோக்காரர் இந்த ஊரில் கிடையாது. எமன் ஆபீஸ் என்று இன்னொரு பெயரும் எங்களுக்கு உண்டு. அதில் எனக்கு வருத்தமில்லை. எமனுக்காவது உதவிக்கு ஒரு சித்திரகுப்தன் இருக்கிறான். இங்கே பதிவாளரும் நானே, எழுத்தரும் நானே, சாரல் அடித்தால் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துகிறவளும் நானே. பெயர் எஸ்தர் செல்வி. வயது முப்பத்தெட்டு.

வேலை என்னவோ எளிதுதான். வருகிறவர்கள், தாங்கள் போன பின்பு தங்கள் போனிலும் கணினியிலும் இருப்பதெல்லாம் யாருக்கு என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். படிவத்தில் மூன்று பகுதி உண்டு: படம், பத்திரம், எழுத்து. மூன்றுக்கும் வாரிசின் முழுப்பெயரை வாயால் சொல்ல வேண்டும். கையெழுத்து செல்லாது. சட்டம் வந்த புதிதில், படுக்கையில் கிடந்த அப்பன் விரலைப் பிடித்து அழுத்தி, எல்லாவற்றையும் தன் பேருக்கு மாற்றிக்கொண்ட பிள்ளைகள் அங்கங்கே இருந்தார்கள். அதனால் சொந்தக் குரலில் சொன்னால்தான் எங்கள் இயந்திரம் ஏற்கும்.

உலகம்மாளும் அவர் கணவரும் முதலில் வந்தது ஆனி மாதத்தில். அந்த அம்மாவுக்கு அறுபத்து மூன்று வயது. இதயத்தில் வால்வு கெட்டுப் போய், அறுவைச் சிகிச்சையும் தாங்காது என்று டாக்டர்கள் கைவிரித்திருந்தார்கள். ஆறு மாசமோ ஒரு வருஷமோ என்று கணவர்தான் சொன்னார், அந்த அம்மாவை வைத்துக்கொண்டே. அவர் மின்வாரியத்தில் ஒயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கம்பத்தின் உச்சியிலிருந்து கீழே நிற்பவர்களிடம் பேசிப் பழகிய தொண்டை அப்படியே இருந்தது.

“என் பதிவு போன வருஷமே முடிஞ்சிட்டு மேடம். எல்லாம் இவ பேருக்குத்தான். இப்ப இவ குடுக்கணும்.”

படத்துக்கும் பத்திரத்துக்கும் மகள் பெயரைக் கணீரென்று சொன்னார் உலகம்மாள். செண்பகவல்லி, மஸ்கட்டில் இருக்கிறாள். மூன்றாவது பகுதிக்கு வந்ததும் சிரித்தார்.

“எழுத்தா? நான் என்ன புஸ்தகமா போட்டிருக்கேன்?”

“எழுதுவாளே மேடம்,” என்றார் கணவர். “சாயங்காலம் விளக்கேத்திட்டு அடுக்களைல உக்காந்து போன்ல எழுதுவா. இருபத்தாறு வருஷமா பாக்கேன். என்னன்னு ஒரு நாளும் நான் கேட்டதில்ல.”

“அதெல்லாம் அப்பப்ப அழிச்சிருவேன்,” என்றார் உலகம்மாள்.

எல்லாரும் சொல்வதுதான் இது. எல்லாருக்கும் சொல்கிற பதிலையே அவருக்கும் சொன்னேன்.

“அழிச்சதும் இருக்கும்மா. நம்ம கண்ணுலேருந்துதான் அது போகும். எழுதினது, பாதில விட்டது, அனுப்பாம வச்சிருந்தது எல்லாத்தையும் ஒரு இடத்துல சேத்து வைக்காங்க. கோர்ட்டு கேஸுக்கு வேணும்னு சட்டம் கொண்டு வந்தாங்கல்லா. அதுக்கு முந்தி உள்ளதையும் கம்பெனிக்காரங்ககிட்டயிருந்து வாங்கி வச்சாச்சு.”

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

“யாரு படிப்பா அத?”

“நீங்க இருக்கிற வரைக்கும் கோர்ட்டத் தவிர யாரும் தொட முடியாது. நீங்களே கேட்டாலும் தர மாட்டாங்க. உங்களுக்கப்புறம் வாரிசு படிக்கலாம்.”

“வாரிசு இல்லன்னா?”

“முப்பது நாள் பாப்பாங்க. அப்புறம் அழிச்சிருவாங்க. அதுதான் நெசமான அழிப்பு. ஆண்டவரே வந்து கேட்டாலும் கிடைக்காது.”

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் எப்போதும் கொஞ்சம் ரசித்துத்தான் சொல்வேன். அந்த அம்மாவின் முகத்தை அப்போது சரியாகப் பார்த்திருந்தால், மற்றதெல்லாம் நடந்தே இருக்காது.

“எழுத்து எனக்குன்னு சொல்லுட்டி,” என்றார் கணவர், நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டு.

“பேரச் சொல்லுங்கம்மா,” என்றேன்.

உலகம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். “இவுகதான்.”

“இயந்திரத்துக்கு இவுகன்னா தெரியாதும்மா. பேரு.”

“இவுக பேருதான்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கணவன் பெயரை வாயால் சொல்லாத பெண்கள் எங்கள் பக்கம் அருகிவிட்டார்களே தவிர, அற்றுப்போகவில்லை. என் வீட்டில் ‘டேய் ஜெபா’தான். அவன் அம்மா இருக்கும்போது மட்டும் ‘டேய்’ கழன்றுவிடும். அதனால் எனக்கு இவர்களைப் பார்த்தால் ஒரு இளக்காரமான பரிதாபம் உண்டு, அதை மறைக்கவும் எனக்குத் தெரியாது. கணவர் பிறந்த ஊர் எது என்று கேட்டேன். “அருவிக்கரை,” என்றார்.

கணவர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். “குற்றாலம்னு சொல்ல மாட்டா மேடம். என் பேரு குற்றாலலிங்கம்லா. சீசனுக்கு வந்த மதுரைக்காரன் வழி கேட்டாலும் ‘அந்தத் தண்ணி விழுத ஊரா’ன்னுதான் கேப்பா.”

அதில் அவருக்கு எவ்வளவு பெருமை! அன்றைக்குப் பதிவு முடியவில்லை.

அடுத்த மாதம் மறுபடியும் வந்தார்கள். நானும் என்னென்னவோ செய்து பார்த்தேன். செண்பகவல்லியின் அப்பா பெயர் என்ன என்று கேட்டால், “அது அவளுக்குத் தெரியும்” என்றார். முதல் பாதியை நான் சொல்கிறேன், பின்பாதியை நீங்கள் சொல்லுங்கள் என்றேன். வாயைப் பொத்திக்கொண்டார். கோயிலில் அர்ச்சனைக்கு என்ன செய்வீர்கள் என்று மடக்கினேன். “நட்சத்திரத்தச் சொல்லுவேன். பேரு குருக்களுக்கே தெரியும்.” விட்டால் எனக்கே அர்ச்சனைச் சீட்டு கிழித்துக் கொடுத்துவிடுவார் போலிருந்தது. அரை மணி நேரம் கழித்து, மூச்சு வாங்குகிறது என்று பெஞ்சில் போய்ச் சாய்ந்துகொண்டார்.

குற்றாலலிங்கம் என்னை மாடிப்படிப் பக்கம் தனியாகக் கூப்பிட்டார். அந்தப் பெரிய தொண்டை அப்போது பாதியாகிவிட்டிருந்தது.

“மேடம், நான் வாய் ஓயாத ஆளு. நானே பேசி நானே சிரிச்சு இத்தனை வருஷத்தையும் ஓட்டிட்டேன். அவ என்ன நெனைக்கான்னு எனக்குத் தெரியாது. கேக்கணும்னும் தோணல. இப்ப கேட்டா, ‘ஒண்ணுமில்ல, தோசை ஆறுது, சாப்பிடுங்க’ன்னு சொல்லுதா.” மூக்கை உறிஞ்சிக்கொண்டார். “அவ மனசு அந்த எழுத்துலதான் இருக்கு. அவ போனப்புறமாவது அதப் படிச்சுக்கிட்டு அவகூடப் பேசிக்கிட்டு கெடப்பேன். ஒரு பேரச் சொல்ல முடியாததுக்காக அவ்வளவும் அழிஞ்சு போகணுமா?”

எனக்கு நெஞ்சு உருகிவிட்டது. நியாயம்தானே? சட்டம் எழுதியவர்களுக்கு இப்படி ஒரு வழக்கம் இருப்பதே தெரிந்திருக்காது. பேர் சொன்னால்தான் வாரிசு என்று எழுதி வைத்துவிட்டார்கள். எத்தனை பெண்கள் புருஷன் பேரைச் சொல்ல முடியாமல், கடைசியில் யாருக்கும் எதுவும் இல்லாமல் போயிருப்பார்கள்? அன்று சாயங்காலமே சென்னைத் தலைமைக்கு நாலு பக்கம் எழுதினேன். வழக்கம் காரணமாகப் பெயர் சொல்லாதவர்களுக்கு விதிவிலக்கு வேண்டும் என்று கேட்டேன்.

வழக்கமாகச் சென்னையிலிருந்து பதில் வருவதற்குள் கேட்டவரே செத்துப்போவார். இந்த முறை இரண்டே மாதத்தில் உத்தரவு வந்தது. பெயர் சொல்லாத வழக்கம் உள்ள இடங்களில் கணவனோ மனைவியோ தாமாகவே எழுத்துக்கு வாரிசாகக் கொள்ளப்படுவர். வேண்டாம் என்றால் மட்டும், விலக்கப்படுபவரின் பெயரைச் சொல்லி, சொந்தக் குரலில் விலக்கு வாக்குமூலம் தர வேண்டும். திருநெல்வேலியிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் பதிவாளர்கள் என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார்கள். ஜெபராஜ் என்னை இரண்டு நாள் ‘கலெக்டரம்மா’ என்று கூப்பிட்டான். குற்றாலலிங்கத்துக்கு நானே போன் செய்து சொன்னேன். ஒரு கிலோ மிக்சரோடு வந்து நின்றார், மனிதருக்குப் பேச்சே வரவில்லை. நான் ஏதோ தாலி எடுத்துக் கொடுத்தவள் மாதிரி பூரித்துப்போயிருந்தேன்.

ஒரு வாரம் கழித்து, ஒரு காலைப்பொழுதில் உலகம்மாள் தனியாக வந்தார். மாடிப்படி ஏறியதில் உதடு நீலம் பாரித்திருந்தது. தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தேன்.

“ஐயா வரலியா?”

“அவுக உயிரோட இருக்கேன்னு காட்டப் போயிருக்காக. பென்ஷனுக்கு. வர மதியமாகும்.” மூச்சைச் சேர்த்துக்கொண்டு கேட்டார். “அந்த உத்தரவ எப்படி நிப்பாட்டணும்?”

நான் காதில் விழுந்ததைத் தப்பாகப் புரிந்துகொண்டோமோ என்று நினைத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அதில் கோபம் இல்லை.

“நீங்க நல்ல பிள்ள. நல்லது செய்யுதோம்னு நெனச்சு என் வாசல அடைச்சிட்டிய.”

“அம்மா, நீங்க பேரு சொல்ல வெக்கப்பட்டதாலதான…”

“வெக்கம் இருக்கு. இல்லன்னு சொல்லல. ஆனா எழுத்துக்கு வாரிசு இல்லன்னா அழிச்சிருவோம்னு சொன்னியல்லா, அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். அந்த வெக்கத்துக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டேன். அவுக கேட்டா முகத்துக்கு நேரா மாட்டேன்னு சொல்ல எனக்கு வராது. வாய் வரலன்னா அவுகளும் சங்கடப்பட மாட்டாக பாருங்க.”

கேட்கக் கூடாததைக் கேட்டேன். “உங்கள அடிப்பாராம்மா?”

“சே. ஒரு நாளும் கைநீட்டினதில்ல.” ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “எனக்குச் சண்டை போடத் தெரியாது. கோவம் வந்தா எழுதுவேன். எழுதினா கோவம் போயிரும். அழிச்சிட்டு எந்திரிச்சு தோசை ஊத்துவேன். சிலேட்டுல எழுதி அழிக்க மாதிரின்னு நெனச்சேன். அது சேந்துக்கிட்டே கெடக்கும்னு யாருக்குத் தெரியும்?”

“இருபத்தாறு வருஷமும் கோவந்தானா? நல்லதும் எழுதியிருப்பீங்கல்ல.”

“நல்லா இருக்கைல எவ உக்காந்து எழுதுவா?” என்றார்.

அவரே தொடர்ந்தார்.

“அவுக தங்கச்சி மக சடங்குல, சபைல வச்சு, ‘உனக்கென்னட்டி தெரியும், உள்ள போ’ன்னு சொன்னாக. எம்புட்டுப் பேரு இருந்தாக! வீட்டுக்கு வந்து எழுதினேன், இந்த மனுசன் செத்தாத்தான் எனக்கு நிம்மதின்னு. நெசமாவே எழுதினேன். மறுநா அவுகளுக்கு டெங்கு. பதினோரு நா ஆஸ்பத்திரில பக்கத்துல தரைல கெடந்தேன். நெலவேம்பு காய்ச்சிக் குடுத்தேன், ரசம் வச்சுக் கொண்டுபோனேன். பொழைச்சு வந்தாக. அந்தப் பதினோரு நாளும் ஒரு எழுத்து எழுதல. ரசம் வச்சத யாராச்சும் எழுதுவாகளா?”

“இல்லம்மா.”

“அப்ப அதுல என்ன இருக்கு? செத்தாத்தான் நிம்மதிங்கது மட்டும் இருக்கு. இருபத்தாறு வருஷக் கோவத்த மொத்தமா அள்ளி ஒரு ஆளு கையில குடுத்தா அவுக என்ன ஆவாக? நான் போட்ட சோறு செரிச்சுப் போச்சு. அமுக்கி விட்ட காலு மறந்து போகும். இதுல்லா நிக்கும், அதுவும் தேதி போட்டு. இதான் என் பொண்டாட்டின்னு நெனச்சுக்கிட்டு மிச்ச காலத்த ஓட்டுவாக. அது நான் இல்லம்மா.”

எழுதின கோபம் இருந்தால் இருக்கட்டும், கூடவே ஒரு கடிதமாக இதையெல்லாம் எழுதிவைத்துவிட்டால் என்ன என்று கேட்டேன். அவர் வேண்டாமென்று தலையாட்டினார்.

“கோவம் இருந்துச்சுன்னு தெரிஞ்சாப் போதும், அவுக தேடித் தேடிப் படிப்பாக. உங்ககிட்ட சொன்னதையும் அவுககிட்ட சொல்லாதிய. எனக்குச் சத்தியம் பண்ணிக் குடுக்கணும்.”

சத்தியம் செய்து கொடுத்தேன். விலக்கு வாக்குமூலம் எப்படி என்று சொன்னேன். முழுப்பெயரைச் சொல்லி, அவருக்குக் கொடுக்கக் கூடாது என்று சொல்ல வேண்டும். வேறு வழி கிடையாது. அந்த வழியை அடைத்தது என் உத்தரவுதான்.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். பிறகு, “கதவச் சாத்துங்க,” என்றார்.

முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஏழாவது முறைதான் இயந்திரம் ஏற்றது. சரிவராத ஆறையும் நான் ஒவ்வொன்றாக அழித்தேன். அவர் முகத்தைக் கழுவிக்கொண்டு, குங்குமத்தைச் சரிசெய்துகொண்டு, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கிப் போனார். அன்று வீட்டுக்குப் போகும் பேருந்தில், காலையில் ஜெபராஜைப் பற்றி என் தங்கைக்கு எழுதி, அனுப்பாமல் அழித்த ஒரு வரி எனக்கு ஞாபகம் வந்தது. அதை இங்கே எழுத மாட்டேன். எங்கேயோ அது இருக்கிறது, அது போதும்.

உலகம்மாள் தை மாதம் இறந்தார். தூக்கத்திலேயே போய்விட்டாராம்.

இருபத்திரண்டாம் நாள் குற்றாலலிங்கம் வந்தார். எங்கள் அறிவிப்பு போயிருந்தது. ‘எழுத்து தொடர்பாக நேரில் வரவும்’ என்று மட்டும்தான் அதில் இருக்கும். சட்டைப்பையிலிருந்து ஒரு கண்ணாடிக் கூட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

“புதுக் கண்ணாடி போட்டேன் மேடம். நெறைய படிக்கணும்லா. மகளும் பேரனும் மஸ்கட் போயிட்டாக. வீட்டுல சும்மாதான் இருக்கேன்.”

இந்த வேலையில் பதினோரு வருஷம் இருந்திருக்கிறேன். அன்றைக்கு மாதிரி ஒரு நாள் எனக்கு வந்ததில்லை. விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்த பிறகு, யாரோ தப்பான வீட்டுக் கதவைத் தட்டிவிட்டார்கள் என்பது போலப் பார்த்தார்.

“இருக்காது. அவ அப்படிச் சொல்ல மாட்டா.”

விலக்கப்பட்டவர் அந்தக் குரலைக் கேட்டு, இன்னார் குரல்தான் என்று கையெழுத்திட வேண்டும். செத்தவர்கள் குரலை யார் வேண்டுமானாலும் செய்துவிடக்கூடிய காலம் இது, அதனால் அப்படி ஒரு விதி. ஏழாவது பதிவைப் போட்டேன்.

‘குற்றாலலிங்கத்துக்கு என் எழுத்து எதையும் குடுக்கக் கூடாது. சொல்றது உலகம்மாள்.’

பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல, ஏற்ற இறக்கமே இல்லாமல் இருந்தது. அவர் உடனே எழுந்துவிட்டார்.

“இது அவ இல்ல. யாரோ செஞ்சிருக்கான். நாப்பத்தோரு வருஷம் மேடம், ஒரு தடவகூட அவ என் பேரச் சொன்னதில்ல. நான் கம்பத்துலேருந்து விழுந்து கெடந்தப்பகூட ‘ஏங்க ஏங்க’ன்னுதான் கத்துனா. ஊருக்கே தெரியும். என் பேரு அவ வாயில எப்படியிருக்கும்னு எனக்கே தெரியாது. இத அவ குரல்னு நான் எப்படிச் சொல்ல?”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. படிவத்தில் ‘குரல் அவருடையது அல்ல’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் கையெழுத்திட்டால் அழிப்பு நிற்கும். வழக்கு நடக்கும். இந்த ஊரில் எந்தச் சாட்சியைக் கூப்பிட்டாலும், அந்த அம்மா புருஷன் பேரைச் சொல்லவே மாட்டார் என்றுதான் சொல்வார்கள். எழுத்து அவர் கைக்கு வந்துவிடும். இதை அவரிடம் சொல்ல வேண்டியது என் கடமை. சொன்னேன். அவர் பேனாவை வாங்கிக்கொண்டார்.

கையெழுத்துக்கு முன்னால் பதிவு முழுவதையும் அவர் கேட்க வேண்டும் என்று திரையில் வந்தது. முழுவதும் என்றால் ஏழு. நான் அழித்த ஆறும் வரிசையாக இருந்தன. என் வேலையே அதுதான், எனக்கே அது தோன்றவில்லை. போட்டேன்.

முதலில் நாற்காலி நகரும் சத்தம். பிறகு சிரிப்பு. வாயைப் பொத்திக்கொண்டு, அடக்க முடியாமல், சின்னப் பிள்ளைபோல. ‘இருங்க பிள்ள, சிரிப்பா வருது.’

குற்றாலலிங்கம் உட்கார்ந்தார்.

அடுத்ததில் ‘குற்’ என்பதோடு இருமல் வந்துவிட்டது. அதற்கடுத்தது வெறும் மூச்சு. ஒலி போதவில்லை என்று இயந்திரம் சொன்னது. நாலாவதில் உலகம்மாள் பேசினார்: ‘புருசன் பேரச் சொன்னா அவுகளுக்கு ஆயுசு குறையும்னு எங்கம்மா சொல்லுவா.’ அதெல்லாம் ஒன்றும் ஆகாது என்று என் குரல். ‘உங்களுக்கென்ன, நீங்க சர்ச்சுக்குப் போகுத வேதக்காரவுக. ஒரு தடவைக்கு எம்புட்டுக் குறையும்? அவுக நல்லா இருக்கணும்லா.’

அவர் கையிலிருந்த பேனா மேசையில் இருந்தது. எப்போது வைத்தார் என்று நான் பார்க்கவில்லை.

ஐந்தாவதில் வாக்குமூலமே இல்லை. நான் தண்ணீர் எடுக்கப் போயிருந்திருக்க வேண்டும், அறையில் அந்த அம்மா மட்டும்தான். ‘குற்றாலலிங்கம்,’ என்றார் மெதுவாக. கொஞ்சம் பொறுத்து, இன்னொரு தடவை, ‘குற்றாலலிங்கம்.’ பிறகு தனக்குத்தானே, ‘நல்ல பேருதான்,’ என்றார்.

ஆறாவதில் பேரைச் சொல்லிவிட்டு, ‘குடுக்கக்’ என்று ஆரம்பித்ததும் அழுதுவிட்டார். அழுது முடித்து, ‘திரும்ப எடுங்க,’ என்றார். ஏழாவதைக் குற்றாலலிங்கம் ஏற்கெனவே கேட்டாயிற்று. மறுபடியும் ஓடியது.

அவர் புறங்கையால் முகத்தைத் துடைத்தார்.

“அவதான்,” என்றார்.

பேனாவை எடுத்து, அவருடையதுதான் என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டார்.

“ஐயா, இதப் போட்டா அந்த எழுத்து…”

“தெரியும்மா. அழிஞ்சிரும்.” முதன்முறையாக என்னை அம்மா என்று கூப்பிட்டார். “வேண்டாம்னு சொல்லிட்டா. இவ்வளவு பாடுபட்டுச் சொல்லிருக்கா. என்னத் திட்டித்தான் எழுதிருப்பா. நானும் திட்டு வாங்குத மாதிரிதான் இருந்தேன். திட்டிருந்தாலும் படிச்சிருப்பேன், அது வேற.”

சத்தியத்தை நினைத்துக்கொண்டு உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன். பதினோரு நாள் ரசத்தைச் சொல்லிவிடலாம் என்று தொண்டை வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் அதற்கு முந்தின நாளையும் சொல்ல வேண்டியிருக்கும்.

“இத என் போன்ல ஏத்தித் தர முடியுமா?”

“முடியாதுய்யா. எழுத்தோட சேந்து இதுவும் போயிரும். இங்க வச்சுத்தான் கேக்கலாம்.”

அவர் புதுக் கண்ணாடியைக் கூட்டுக்குள் வைத்து மூடினார். எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். எழவில்லை.

“அந்த அஞ்சாவத மட்டும் இன்னொரு தடவ போடுங்க.”

போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“இன்னொரு தடவ.”

எனக்கு அழுகை வந்துகொண்டிருந்தது. அதை மறைக்க ஏதாவது சொல்ல வேண்டும் என்று, “ஆயுசு குறையுமேய்யா,” என்றேன்.

“குறையட்டும்,” என்றார் குற்றாலலிங்கம். “போடுங்க.”